ஆறு புள்ளி வந்த பிறகு

ஜெர்மனியின் ‘ஷான்ஸன்கார்ட்டே’ எனும் வாய்ப்பு அட்டை 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலை உறுதியாகாமலேயே அங்கே போய் ஓராண்டு வரை தங்கி வேலை தேட அது இடம் தருகிறது. நம்மிடம் வருகிறவர் உட்கார்ந்ததும் கேட்பது, “எனக்கு எத்தனை பாயிண்ட் வரும் சார்?” என்பதுதான். நாமும் உடனே கூட்டத் தொடங்கிவிடுகிறோம். அந்தக் கூட்டலைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள் என்று நம் துறை ஆலோசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலில், பலருக்குப் புள்ளியே தேவையில்லை. வெளிநாட்டுக் கல்வித் தகுதிகளுக்கான ஜெர்மனியின் அனாபின் தரவுத்தளத்தில் பல்கலைக்கழகம் ‘எச் பிளஸ்’ (அங்கீகரிக்கப்பட்டது) என்று குறிக்கப்பட்டு, பட்டமும் ஜெர்மானியப் பட்டத்துக்கு ஈடாகப் பதிவாகியிருந்தால், உரிமம் தேவைப்படாத தொழில்களில் அவர் முழுத் தகுதி பெற்றவராகவே கருதப்படுவார். பட்டம் அங்கே இல்லையென்றால் பான் நகரிலுள்ள வெளிநாட்டுக் கல்விக்கான மைய அலுவலகத்தில் 208 யூரோ கட்டி மதிப்பீடு பெறலாம். இதைப் பார்க்காமல் புள்ளி எண்ணுவது வீண்வேலை.

முழு அங்கீகாரம் இல்லாதவருக்கே குறைந்தது ஆறு புள்ளி எடுக்க வேண்டும் என்ற விதி. அதற்கும் முன்பாக, சொந்த நாட்டில் அரசு அங்கீகரித்த பட்டமோ இரண்டாண்டுக்குக் குறையாத தொழிற்படிப்போ வேண்டும்; ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 வேண்டும். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் புள்ளி கூடக்கூட வரிசையில் முன்னே போகலாம். இங்கே வரிசையே கிடையாது; ஆறு எடுத்தவரும் பத்து எடுத்தவரும் ஒன்றுதான். எனவே கூடுதல் புள்ளிக்காக வாடிக்கையாளரை அலையவிட வேண்டாம்.

அதிகம் சறுக்குவது அனுபவப் புள்ளியில். கடந்த ஏழாண்டில் ஐந்தாண்டு வேலை செய்திருந்தால் 3, கடந்த ஐந்தாண்டில் இரண்டாண்டு என்றால் 2. அந்த வேலை படிப்போடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். மெக்கானிக்கல் படித்துவிட்டு வங்கிக் கடன் பிரிவில் ஐந்தாண்டு இருந்தவருக்கு நாம் தாராளமாகப் போடுகிற 3, தூதரகத்தில் நிற்காது. சம்பளச் சீட்டோடு, என்ன வேலை செய்தார் என்று விவரிக்கும் அனுபவச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து, ஓசூர் தொழிற்சாலையொன்றில் ஆறாண்டு வேலை பார்த்த, 33 வயதான ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 2, அனுபவத்துக்கு 3, ஜெர்மன் ஏ2 தேறியதற்கு 1. ஆறு வந்துவிட்டது, அட்டையும் கிடைத்துவிட்டது. ஸ்டுட்கார்ட்டில் ஒரு நிறுவனம் வேலை தரவும் முன்வருகிறது என்று வைப்போம். அவரது டிப்ளமோவுக்கு இன்னும் அங்கீகாரம் இல்லை. அங்கீகார நடைமுறையை முடிக்க வேண்டும். இல்லையேல் அனுபவமுள்ள தொழிலாளர் என்ற பிரிவில் வேலை அனுமதி கேட்க வேண்டும். அந்தப் பிரிவுக்கு, தொழிற்சங்க ஊதிய ஒப்பந்தத்துக்கு உட்பட்ட நிறுவனங்கள் நீங்கலாக, 2025இல் ஆண்டுச் சம்பளம் குறைந்தது 43,470 யூரோ தேவைப்பட்டது. ஏ2 ஜெர்மனோடு போகிறவருக்கு அந்தச் சம்பளத்தை எத்தனை முதலாளிகள் தருவார்கள்? புள்ளி அவரை நாட்டுக்குள் விடுகிறது. தங்கவைப்பது இந்த இரண்டாம் வாசல். ஆலோசனை அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். எந்த அனுமதிக்கு மாறப்போகிறார், அதற்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்த பிறகே அட்டைக்கு விண்ணப்பம்.

மொழியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். பி1க்கு 2, பி2க்கு 3 என்பது அட்டவணைக் கணக்கு. ஐடி தவிர்த்த பெரும்பாலான வேலைகளுக்கு நேர்காணலே ஜெர்மனில்தான். பி1 முடிக்காமல் விமானம் ஏற்ற வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆங்கிலத்தை வைத்தே ஆறு தேறுகிறவருக்கும் இதையே சொல்வோம்.

பணத்தை மறைக்காமல் பேசுங்கள். 2025இல் மாதம் 1,091 யூரோ என்ற கணக்கில், ஓராண்டுக்கு 13,092 யூரோவை, பெரும்பாலும் பிளாக்டு அக்கவுண்டில், காட்ட வேண்டியிருந்தது. நிலத்தையோ நகையையோ அடகு வைத்துத்தான் பல குடும்பங்கள் இதைப் புரட்டுகின்றன. வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலைக்கு அனுமதி உண்டு, உண்மைதான். ஆனால் கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டே ஓராண்டைக் கழித்துவிட்டால், தேட வந்தது தேடாமலே போகும். தகுதிக்கேற்ற வேலைக்கு ஒப்பந்தம் இருந்தும் வேறு அனுமதிக்கு வழியில்லாதவர்க்கு அட்டையை மேலும் இரண்டாண்டு வரை நீட்டிக்கலாம். ஒப்பந்தமே இல்லாதவர் திரும்பத்தான் வேண்டும். கடனும் அவரோடு திரும்பும்.

ஆகவே, கட்டணம் வாங்குவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: அவர் போவது எந்த வழி, ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன ஆவணம், வேலை கிடைத்தால் எந்த அனுமதிக்கு மாறுவார், பன்னிரண்டாம் மாதம் வரை கிடைக்காவிட்டால் என்ன ஆகும். அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் வேண்டாமென்று எழுந்து போனால், போகட்டும். விசா கிடைத்தால் மட்டுமே பணம் என்கிற ஒப்பந்தங்களையும் கைவிட வேண்டும். அவை நம்மை ஆறு புள்ளியோடு நிறுத்திவிடுகின்றன. கட்டணத்தில் ஒரு பகுதியையாவது, அங்கே போனபின் அனுமதி மாற்றத்துக்கு உதவும் பணியோடு சேர்த்து வையுங்கள்.