எண்ணும் ஏற்றமும்

கிரிக்கெட்டு ஆட்டத்தைப் பற்றிப் பலர் கூடிப் பேசும் இடத்தில் ஒரு வினா எழுவது இயல்பு. எக்காலத்துக்கும் உரிய பெருவீரர் யாவர் என்பதே அவ்வினா. ஒருவர் ஒரு பெயரைக் கூறுவார். மற்றொருவர் அதனை மறுத்து வேறொரு பெயரை மொழிவார். இருவரும் தத்தம் கட்சியை நிலைநாட்டக் காட்டுவன எண்களேயாம். இத்தனை ஓட்டங்கள், இத்தனை விக்கெட்டுகள் என்று அடுக்கிக் காட்டி, மிக்க எண்ணை உடையவரே மிக்க வீரர் என்று முடிப்பர். இம்முடிவு பொருந்துவதுதானா என்பது ஆராயத் தக்கது.

எண் இகழத்தக்கதன்று. ஆஸ்திரேலிய நாட்டு டொனால்டு பிராட்மன் 1928 முதல் 1948 வரை 52 டெஸ்டுப் போட்டிகளில் ஆடி 6,996 ஓட்டங்கள் எடுத்தார். அவருடைய சராசரி 99.94 ஆகும். ஐம்பது என்னும் சராசரியை எட்டியவரையே சிறந்த மட்டையாளர் என உலகம் போற்றுகிறது. அவ்வாறாயின், அதனினும் ஏறத்தாழ இருமடங்கு உயர்ந்து நின்றவரை என்னென்பது! தம் இறுதி ஆட்டத்தில் அவர் நான்கு ஓட்டங்கள் எடுத்திருப்பின், அச்சராசரி நூறாக நிறைந்திருக்கும். ஆயினும், 1948ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இலண்டன் ஓவல் திடலில், அவர் இரண்டாம் பந்திலேயே ஓட்டமேதும் எடுக்காமல் ஆட்டமிழந்தார்.

இவ்வெண்ணுக்கு அடியாக அமைந்தவை உழைப்பும் திண்மையும் ஆகும். பிராட்மன் இளமையில், பௌரல் என்னும் சிற்றூரில், தம் வீட்டு நீர்த்தொட்டியைத் தாங்கிய செங்கற்சுவரில் கோல்பு ஆட்டப் பந்தை எறிவார். அது எத்திசையில் மீளும் என்று அறிதல் அரிது. மீண்டுவரும் அப்பந்தை, மெல்லிய விக்கெட்டுக் குச்சி ஒன்றனால் அடித்து அடித்துப் பழகினார். பின்னர், 1932–33ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்து அணியினர் அவரை அடக்கும்பொருட்டே, மட்டையாளரின் உடலை நோக்கி விரைந்து பந்தெறியும் முறையைக் கையாண்டனர். அத்தொடரிலும் அவருடைய சராசரி 56.57 ஆக இருந்தது. பிறர் தம் உயர்நிலை எனக் கொள்வது அவருக்குத் தாழ்நிலையாயிற்று.

எனவே, திறமையை அளக்க எண் உதவும் என்பதில் ஐயமில்லை. ஆயின், திறமை மட்டுமே பெருமை ஆகுமா? ஆகாது. இதற்குச் சான்றாக விளங்குபவர் மேற்கிந்தியத் தீவினராகிய பிராங்க் வொரல்.

வொரல் 1924ஆம் ஆண்டு பார்படோஸ் தீவிற் பிறந்தவர். 51 டெஸ்டுப் போட்டிகளில் 3,860 ஓட்டங்கள் எடுத்தார். 69 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். சராசரி 49.48. இவை நல்ல எண்களே. எனினும், இவரினும் மிக்க எண்ணினர் பலர் உளர். ஓட்டக் கணக்கு ஒன்றையே நோக்குவோர் இவர் பெயரைப் பட்டியலின் இடையிலே கண்டு கடந்து செல்வர்.

மேற்கிந்தியத் தீவுகள் அணி 1928ஆம் ஆண்டு முதல் டெஸ்டுப் போட்டிகளில் ஆடிவந்தது. அவ்வணியின் பெருவீரர் பலர் கறுப்பினத்தவர். எனினும், தலைமைப் பதவி வெள்ளையர்க்கே உரியது என்பது அந்நாளைய வழக்கமாக இருந்தது. 1948இல் ஜார்ஜ் ஹெட்லி ஒரே ஒரு போட்டிக்குத் தலைமை தாங்கினார். ஒரு தொடர் முழுமைக்கும் தலைவராக அமர்த்தப்பெற்ற முதற் கறுப்பினத்தவர் வொரலே. அவர் 1960ஆம் ஆண்டின் இறுதியில் தம் அணியை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துச் சென்றார். கடலாற் பிரிந்த பல தீவுகளின் வீரர்கள் அவர் தலைமையில் ஓரணியாய் ஒன்றி நின்றனர்.

பிரிஸ்பேன் நகரில் நடந்த முதற் போட்டியின் கடைசிச் சுற்றில், ஆஸ்திரேலியா வெற்றி பெற ஆறு ஓட்டங்களே தேவைப்பட்டன; மூன்று விக்கெட்டுகள் எஞ்சியிருந்தன. அச்சுற்றிலேயே மூவரும் ஆட்டமிழக்க, போட்டி சமனாக முடிந்தது. டெஸ்டு வரலாற்றில் அவ்வாறு முடிந்த முதற் போட்டி அதுவே. தொடரில் மேற்கிந்திய அணி இரண்டுக்கு ஒன்று எனத் தோற்றது. ஆயினும், மெல்போர்ன் நகர மக்கள் பெருந்திரளாகத் தெருக்களிற் கூடி அத்தோற்ற அணிக்கு விடைகொடுத்தனர். அவ்விரு நாடுகளும் பொருதும் டெஸ்டுத் தொடரின் பரிசுக் கோப்பைக்கு வொரலின் பெயரையே சூட்டினர். தோற்றவர் பெயரால் கோப்பை அமைவது எங்கும் காண்டற்கரிய செய்தியன்றோ!

1962ஆம் ஆண்டு இந்திய அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றபோது, அணித்தலைவர் நாரி காண்டிராக்டரின் தலையில் விரைந்து வந்த பந்து ஒன்று தாக்கியது. மண்டையோடு உடைந்து அவர் உயிருக்குப் போராடினார். அந்நிலையில் எதிரணித் தலைவராகிய வொரல் முன்வந்து தம் குருதியை அளித்தார். இந்திய வீரர் சிலரும் அளித்தனர். காண்டிராக்டர் உயிர் பிழைத்தார். அந்நன்றியை மறவாத வங்காளக் கிரிக்கெட்டுச் சங்கத்தினர், பிப்ரவரி 3ஆம் நாளை வொரலின் பெயரால் குருதிக்கொடை நாளாகக் கொண்டாடி வருகின்றனர்.

'இவையெல்லாம் நற்பண்பின் செயல்கள். ஆட்டத்தின் பெருமைக்கும் இவற்றுக்கும் தொடர்பு யாது?' எனச் சிலர் வினவலாம். கிரிக்கெட்டு தனியொருவர் ஆட்டமன்று. பதினொருவர் கூடி ஆடுவது. தன் ஓட்டத்தைப் பெருக்குவோன் தன்னை உயர்த்துகிறான். உடன் ஆடுவோரின் ஆற்றலைப் பெருக்குவோன் ஆட்டத்தையே உயர்த்துகிறான். வொரல் வளர்த்த அணி 1963இல் இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே வென்றது. அவர் ஓய்வு பெற்றபின், 1965இல் சோபர்ஸ் தலைமையில் ஆஸ்திரேலியாவை முதன்முறையாகத் தொடரில் வென்றது. அவ்வெற்றிகளுள் வொரலின் பங்கு எத்துணை என்பதை எந்த ஓட்டக் கணக்கு காட்டும்?

வொரல் 1967ஆம் ஆண்டு தம் 42ஆம் வயதில் மறைந்தார். இலண்டன் வெஸ்டுமின்ஸ்டர் திருக்கோயிலில் அவருக்கு நினைவு வழிபாடு நடைபெற்றது. நாற்பத்தொன்பது சராசரிக்காக நடந்த வழிபாடு அன்று அது.

பிராட்மன் எய்திய எண்ணைப் பிறர் எய்துதல் அரிது. அவ்வியப்பு அவருக்கு என்றும் உரியது. ஆனால், எண்ணால் உயர்ந்தவரை மிக்க எண்ணுடையார் ஒருவர் வந்து தாழ்த்துதல் கூடும். தம்மொடு ஆடினோரையும் தம்மை எதிர்த்து ஆடினோரையும் உயர்த்தியவரைத் தாழ்த்த எவராலும் இயலாது. ஆட்டத்தைத் தாம் கண்டதினும் மேலானதாக விட்டுச் செல்பவரே எக்காலத்துக்கும் உரிய பெருவீரர் ஆவர்.