விரிப்புக்கு அடியில்

வீட்டுக்குச் சம்பந்தி வருகிறார் என்று செய்தி வந்தால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? கூடத்துத் தரையில் விழுந்திருக்கும் வெடிப்பின் மீது பவானி ஜமக்காளத்தை விரித்துவிடுகிறோம். சம்பந்தி சந்தோஷமாக உட்கார்ந்து காப்பி சாப்பிட்டுவிட்டுப் போகிறார். வெடிப்பும் அப்படியே இருக்கிறது; நம் மானமும் அப்படியே இருக்கிறது. இந்தச் சாமர்த்தியம் கூடத்தில் பலிக்கலாம். மலைப்பாதையில் ஓடும் மோட்டார் வண்டியில் பலிக்காது என்பதை ஜவ்வாது மலையில் தெரிந்துகொண்டோம்.

அந்த மலைக்கு நாம் போனது நட்சத்திரம் பார்ப்பதற்காக. காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வு நிலையத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்று இருப்பதை நேயர்கள் அறிவார்கள். ஜமுனாமரத்தூரிலிருந்து அங்கே போவதற்கு, தெரிந்த விவசாயி ஒருவருடைய பிக்-அப் வண்டி கிடைத்தது. வண்டிக்கு வயது முப்பதுக்குக் குறையாது. ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் ராஜோபசாரமாக நமக்கு இடம். ஏறிக் காலை ஊன்றினோம்; கால் சற்றே உள்ளே இறங்கிற்று.

"ஐயா, அந்த மூலையிலே ஊன்றாதீங்க. தகடு கொஞ்சம் தளர்ச்சி" என்றார் வண்டிக்காரர், வீட்டிலே தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வதைப் போல. விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தோம். ஆகாயத்தைப் பார்க்கப் புறப்பட்ட நமக்கு வண்டியின் தரை வழியாகப் பூமி தரிசனம் கொடுத்தது!

வண்டிக்காரர் கவலைப்படவில்லை. இருக்கைக்குப் பின்னாலிருந்து சுருட்டி வைத்த புது வைனில் மேட் ஒன்றை எடுத்துக் காட்டினார். "நாளைக்கு இதைப் பழசின் மேலேயே போட்டுவிட்டால் தீர்ந்தது" என்றார். அவருடைய மாமன் அங்கே பட்டறை வைத்திருப்பவர். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை, புண்ணைக் கழுவாமல் கட்டுப் போட்டால் ஆறுமா? வண்டியை உள்ளே விடு" என்றார். நட்சத்திரங்கள் எங்கேயும் போய்விட மாட்டா என்று நாமும் இறங்கிவிட்டோம்.

மலையில் பிக்-அப் வண்டி என்பது வெறும் வண்டி அன்று. சாமையும் புளியும் பலாப்பழமும் அதில்தான் சந்தைக்கு இறங்குகின்றன; பிரசவ வேதனைப்படுகிற பெண்ணும் சில சமயம் அதில்தான் இறங்குகிறாள். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி தவறு என்பது வாஸ்தவந்தான். ஆனால் பஸ் வராத ஊரில் சட்டம் மட்டும் வந்து என்ன பயன்? 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இதே மலையில், திருப்பத்தூர்ப் பக்கம், கோயிலுக்குப் போனவர்களை ஏற்றிச் சென்ற வண்டி பள்ளத்தில் உருண்டு பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த விபத்துக்கும் கால்விரிப்புக்கும் நாம் சம்பந்தம் கற்பிக்கவில்லை. இப்படிப்பட்ட பாதையில் ஓடும் வண்டியில் அற்பமான பழுது என்று ஒன்று கிடையாது என்றுதான் சொல்கிறோம்.

மாமன் வேலையைத் தொடங்கினார். முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றினார். பிறகு இருக்கைகள், வாசற்படி ஓரத்துப் பட்டிகள், இருக்கை வாரின் போல்ட்டுகள் எல்லாம் வெளியே வந்தன. பழைய விரிப்பைக் கிழிக்காமல் தூக்கி எடுத்தார். புதியதை வெட்டுவதற்கு அதுதான் அளவாம். அதன் அடியில் கிடைத்த பொக்கிஷங்களாவன: ஒரு பிடி சாமை, இருபத்தேழு புளியங்கொட்டை, செல்லாத நாலணா ஒன்று, யாரோ ஒரு பெண்மணியின் ஒற்றைத் தோடு. இவற்றோடு, பிழிந்தால் தண்ணீர் சொட்டும் நிலையில் கம்பளிப் பஞ்சுப் படுகை ஒன்று.

குற்றவாளி அந்தப் படுகைதான். வைனில் தண்ணீரைக் குடிக்காது. தண்ணீரை விடவும் விடாது. மழைக்காலத்தில் நனைந்த கால்களிலிருந்தும் கதவு ரப்பரின் கசிவிலிருந்தும் வருகிற ஈரம் ஓரமாக உள்ளே இறங்கிப் படுகையில் தங்கிவிடுகிறது. மேலே துடைத்தால் பளபளப்பு. கீழே வருஷக்கணக்காகத் துரு. கம்பி பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கத் தகடு அப்பளம்போல் உதிர்ந்தது. நம் காலடியில் இருந்த ஓட்டை பெரிதல்ல என்பது அப்போது தெரிந்தது. ஓட்டுகிறவருடைய இருக்கையைத் தாங்கும் முன் போல்ட்டைச் சுற்றித் தகடு காகிதமாகியிருந்தது. கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது மனிதன் முதுகை இருக்கையில் ஊன்றித்தான் மிதிக்கிறான். அந்த இருக்கை அசைந்தால்? வண்டிக்காரர் ஒன்றும் பேசாமல் வெளியே போய் நின்றார். காலையில்தான் அவருடைய இரண்டு குழந்தைகளும் அதே வண்டியில் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள்.

தரைக்கு அடியில் பிரேக் குழாயும் மின்கம்பிகளும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்து ஒதுக்கிய பிறகு, கெட்ட தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்தார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு பூசி, அதன் மேல் வர்ணமும் அடித்தார்கள். மேட் வாங்கிய பணத்தைவிடத் தகட்டுக்கு ஆன பணம் அதிகம். அதற்காகச் சாமை மூட்டை ஒன்று அன்றே விலைபோயிற்று. வர்ணம் காய வேண்டும் என்பதால் அன்றிரவு நமக்கு அவர்கள் வீட்டில் சாமைச் சோறு கிடைத்தது.

மறுநாள் புது விரிப்பை வெயிலில் பரப்பினார்கள். பாலிவினைல் குளோரைடு என்ற இந்தப் பண்டத்தின் சுபாவமே அதுதான். 1872-இல் பாமன் என்ற ஜெர்மானியர் வெயில் பட்ட குடுவையில் இது வெள்ளையாக உறைந்து கிடப்பதைக் கண்டார். முரட்டுப் பண்டமாக இருந்த இதை 1926-இல் அமெரிக்காவில் வால்டோ ஸெமன் என்பவர் சில திரவங்களைச் சேர்த்து வளையும்படி செய்தார். இதன் எடையில் பாதிக்கு மேல் உப்பிலிருந்து வரும் குளோரின். நம் மேட்டூரிலும் 1960-களிலிருந்து இது தயாராகிறது. சூடு கண்டால் இளகும், குளிர்ந்தால் விறைக்கும். பல வருஷ வெயிலில் அந்தத் திரவம் வெளியேறிவிட்டால் வெடிக்கும்.

இளகிய விரிப்பை நடுவிலிருந்த கியர் மேட்டில் முதலில் படியவைத்துப் பிறகு இரு பக்கமும் தடவிக்கொண்டே போனார் மாமன். கியர்த் தண்டுக்கும் போல்ட்டுகளுக்கும் துளை இடும்போது, வேண்டியதைவிடச் சிறிதாகவே வெட்டினார். "சின்னத் துளையைப் பெரிசாக்கலாம், ஐயா, பெரிசைச் சின்னதாக்க முடியுமா?" என்றார். ஓரங்களை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் நறுக்கினார். பசை தொடவில்லை. பஞ்சுப் படுகையும் திரும்ப உள்ளே போகவில்லை. மழைக்காலம் முடிந்ததும் ஓரங்களைத் தூக்கி ஈரம் பார்க்க வேண்டும் என்பது உத்தரவு.

கடைசிப் பரீக்ஷைதான் முக்கியமானது. மூன்று பெடல்களையும் அடிவரை மிதித்து, விரிப்பின் மடிப்பு எதிலும் சிக்கவில்லை என்று கையாலேயே தடவிப் பார்த்தார். இது அதிக ஜாக்கிரதை என்று எண்ண வேண்டாம். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஸான் டியாகோ அருகே ஒரு காரில் வேறு மாதிரிக் காருக்குரிய கால்விரிப்பு கிடந்தது. அது வேக மிதியைச் சிக்கவைத்ததால் ஒரே குடும்பத்தில் நால்வர் மாண்டார்கள். அதன் பின் டொயோட்டா கம்பெனி ஏறக்குறைய 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. உலகத்தின் பெரிய கம்பெனிக்கே அந்தப் பாடம் என்றால், ஒரு சாமை மூட்டையோடு பாடம் கற்ற நம் வண்டிக்காரர் பாக்கியசாலிதான்.

அன்று மாலை காவலூருக்குப் போனோம். கால் இறங்கவில்லை, பூமி தெரியவில்லை. ஆகாயமும் தெரியவில்லை என்பது வேறு விஷயம், மேகம் மூடிக்கொண்டது. ஆனாலும் வீட்டுக்குத் திரும்பியதும் நாம் செய்த முதற் காரியம், கூடத்து ஜமக்காளத்தைத் தூக்கிப் பார்த்ததுதான். என்ன இருந்தது என்று நேயர்கள் கேட்க வேண்டாம். கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.