தோட்டமில்லாத தோட்டக்காரன்

கலாரசிகர்கள் என்று பெயர் வாங்கியவர்களிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. பழைய போட்டோப் பிரதி ஒன்று கையில் கிடைத்தால், அது என்ன காகிதம், என்ன ரசாயனம், உலகத்தில் மொத்தம் எத்தனை பிரதி என்று மூச்சுவிடாமல் விசாரிக்கிறார்கள். படத்தில் நிற்கிறவன் யார் என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டால் கலைக்குத் தீட்டு வந்துவிடும் போலிருக்கிறது.

ஜூலியா மார்கரெட் காமரன் அம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863-ல், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த காமிராவைக் கையிலெடுத்தார். கோடுகள் கூர்மையாக விழாமல், சற்றே மங்கி, ஓவியம்போல் கனிந்து நிற்கும் படங்கள் அவருடையவை. போட்டோவை ஓவியத்துக்குச் சமமாக உட்கார வைக்கப் போராடிய பிற்காலத்தார் அவரை முன்னோடியாகக் கொண்டாடினார்கள். நியூயார்க்கில் ஸ்டீக்லிட்ஸ் 1913-ல் தம் 'காமிரா ஒர்க்' பத்திரிகையில் அவர் படங்களை வெளியிட்டார்.

1875-ல் அம்மாள் கணவரோடு இலங்கைக்குக் குடிபோனார். அங்கே அவர்களுக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879-ல் அங்கேயே காலமானார். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை 30-க்கும் குறைவு. அபூர்வந்தான், மறுக்கவில்லை.

1877-ல் மரியன் நார்த் என்ற ஓவியப் பெண்மணி களுத்துறையில் அம்மாளுடைய விருந்தாளி. அவர் தம் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார்: ஓர் ஆளின் முதுகழகில் அம்மாள் மயங்கி, அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் பிடிவாதம் பிடித்தாராம். வீட்டில் தோட்டமே கிடையாது! முதுகுக்கு வேலை கிடைத்தது. ஆளுக்குப் பெயர் கிடைக்கவில்லை.

டென்னிஸன், டார்வின் எல்லாம் பெரிய மனிதர்கள், விடுங்கள். இங்கிலாந்தில் மாதாவாக வேஷங்கட்டி நின்ற வேலைக்காரி மேரி ஹில்லியருக்குக்கூடச் சரித்திரத்தில் பெயர் உண்டு. இலங்கையிலோ, 'களுத்துறைக் குடியானவர்கள்' என்று கும்பலாக ஒரு தலைப்பு.

"கலைக்குப் பெயர் எதற்கு? அழகு போதாதா?" என்பார்கள். பேஷ்! அப்படியானால் எடுத்தவர் பெயரையும் அழித்துவிட்டு ஏலத்தில் வையுங்களேன். என்ன விலை போகிறது, பார்க்கலாம்.

எனக்கேன் இந்த ஆத்திரம்? நான் சங்கரன்கோவில்காரன். தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் ஜனங்கள் கங்காணி பின்னால் கண்டிச் சீமைக்குக் கடல் தாண்டினார்கள். அம்மாள் அங்கே படம் எடுத்த காலமும் அதுவேதான். படங்களில் இருப்பவரெல்லாம் நம்மவர் என்று நான் சாதிக்கவில்லை. பெயர் கேட்டு எழுதியிருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

எங்கள் ஊர்க் கோயிலில் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கனும் பதுமனும் வழக்காடினார்கள். கோமதியம்மன் தவமிருக்க, ஸ்வாமி பாதிக்குப் பாதியாக நின்று காட்டினார். போட்டோவும் சங்கரநாராயணர்தான். ஒரு பாதி கலை. மறு பாதி சாட்சி. ஒரு பாதிக்கு மட்டும் கற்பூரம் காட்டுகிறவன் ஸ்வாமியைத் தரிசித்தவன் ஆகமாட்டான்.

ஆகவே, காட்சிசாலைக்காரர்களே, அபூர்வப் பிரதியின் கீழே எடுத்தவர் பெயரோடு, 'இவர்கள் பெயரைக் கேட்டு எழுதவில்லை' என்று ஒரு வரியும் சேருங்கள். வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பாட்டன் பாட்டி படத்தைத் திருப்பி, பின்புறம் பென்சிலால் பெயரை எழுதி வையுங்கள். சொல்லக்கூடிய கிழவி இன்னும் உயிரோடிருக்கும்போதே எழுதுங்கள்.