ஃபிட்டருக்கு இரண்டு ஆண்டு, குழந்தை ஆசிரியைக்கு மூன்று நாள்

ஆந்திரத்தின் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலைக்குள் ஃபிட்டராக நுழைய ஐடிஐயில் இரண்டு ஆண்டு படித்த சான்றிதழ் வேண்டும். எலெக்ட்ரீஷியனுக்கும் இரண்டு ஆண்டு. அதே தொழில் நகரைச் சுற்றியுள்ள சத்தியவேடு, வரதய்யபாளையம், தடா வட்டாரங்களில் மூன்று வயதுக் குழந்தைக்கு முதன்முதலாகக் கதையும் எண்ணும் சொல்லித்தரும் அங்கன்வாடிப் பணியாளருக்கு, ‘போஷண் பி, படாயி பி’ திட்டத்தில் கிடைப்பது மூன்று நாள் வகுப்பு. 2023 மே மாதம் இதைத் தொடங்கியபோது, ஒவ்வொரு குழந்தைக்கும் தினமும் இரண்டு மணி நேரம் தரமான முன்பருவக் கல்வி என்று ஒன்றிய அரசு சொன்னது. அதற்கு மூன்று நாள் வகுப்பு போதுமா என்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பயிற்சி பெற்றவர்களின் எண்ணிக்கையை மட்டும் பெருமையோடு அடுக்குகிறார்கள்.

தேசியக் கல்விக் கொள்கை 2020 இதைவிட நேர்மையாகப் பேசியது. பிளஸ் டூ முடித்த பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ், அதற்குக் கீழே படித்தவருக்கு ஓராண்டு டிப்ளமோ என்றது. அதையும் பெரும்பாலும் டிடிஎச், கைப்பேசி வழியாக முடித்துக்கொள்ளலாம் என்றதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அது மூன்று நாள் அல்ல.

பயிற்சி மட்டும் போதாது, ஆளும் வேண்டும் என்று காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதிக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென்றே அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்திப் பார்த்தார்கள். அலெஹாந்திரோ கனிமியான், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய மூன்று பொருளியல் அறிஞர்களின் பணி இது. கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. பதினெட்டு மாதங்களில் அந்த மையக் குழந்தைகள் மொழியிலும் கணக்கிலும் மற்றவர்களைத் தெளிவாக முந்தினார்கள். ஏற்கெனவே இருந்த பணியாளருக்கு வேலைச்சுமை குறைந்ததால் சத்துணவு, உடல்நலப் பணிகளும் சீர்பட்டு, கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. இந்தக் குழந்தைகள் வளர்ந்து சம்பாதிக்கப்போகும் கூடுதல் வருமானத்தைக் கணக்கிட்டால், அது செலவைப்போல் 13 முதல் 21 மடங்கு வரும் என்று மதிப்பிட்டார்கள். இப்படிப் பலன் தரும் வேறு அரசுச் செலவு எது? மேம்பாலமா, நிறுவனங்களுக்கு அள்ளிக்கொடுக்கும் வரிச்சலுகையா?

ஆகவே முதல் தேவை ஆள். எடை பார்ப்பது, மாவு பங்கிடுவது, கர்ப்பிணிகளைக் கவனிப்பது, ‘போஷண் டிராக்கர்’ செயலியில் பதிவேற்றுவது என்று ஓடிக்கொண்டிருக்கும் ஒரே பெண்ணை மூன்று நாள் உட்காரவைத்து விளையாட்டுவழிக் கல்வி பற்றி வகுப்பெடுத்தால், அவர் திரும்பிப்போய் அதை எந்த நேரத்தில் செய்வார்?

ஸ்ரீ சிட்டிப் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சத்தியவேடு பகுதிக் கிராமங்கள் 1960 எல்லை மாற்றத்தில் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்துக்குப் போனவை. அங்கே வீட்டில் தமிழ் பேசும் குழந்தை மையத்தில் தெலுங்கு கேட்கிறது. பிழைப்புக்கு வடமாநிலங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு இரண்டுமே புதிது. குழந்தையின் வீட்டுமொழியிலிருந்து தொடங்கு என்கிறது 2022-இல் வந்த அடிப்படைநிலைக் கலைத்திட்டம். ஒரே அறையில் இரண்டு மூன்று மொழிப் பிள்ளைகளை எப்படி நடத்துவது என்பது தேர்ந்த ஆசிரியரையே திணறவைக்கும் வேலை. மூன்று நாளில் அதைத் தொடக்கூட முடியாது.

பணம் இல்லை என்பவர்களுக்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டது. ஆந்திரப் பள்ளிக் கல்விக்கு உலக வங்கி 2021-இல் 25 கோடி டாலர் ஒப்புதல் தந்தபோது 50,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிப் பணியாளர்களும் அதன் கணக்கில் இருந்தார்கள். இவர்களுக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் தங்கள் பிள்ளையை மூன்று நாள் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைப்பார்களா? 11,500 ரூபாய் மதிப்பூதியத்தில் காலம் தள்ளிய இந்தப் பெண்கள் 2023 டிசம்பரில் தொடங்கி 42 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எஸ்மா சட்டத்தைக் காட்டி மிரட்டியது அன்றைய அரசு. அத்தியாவசியப் பணி என்று சட்டம் போடத் தெரிந்தவர்களுக்கு ஊழியர் என்று எழுதித்தரக் கை வரவில்லை. பயிற்சியை மூன்று நாளில் முடிப்பதன் காரணம் எனக்கு விளங்குகிறது. ஓராண்டு டிப்ளமோ கொடுத்தால் அவர் ஆசிரியர் ஆகிவிடுவார். ஆசிரியர் சம்பளம் கேட்பார்.

திருப்பதியில் 1983 முதல் ஸ்ரீபத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஸ்ரீ சிட்டிக்குள்ளேயே ட்ரிபிள் ஐடியும் கிரியா பல்கலைக்கழகமும் இயங்குகின்றன. லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டிய பெரிய நிறுவனங்களும் அங்கே உள்ளன. அவற்றில் சில பெருமளவு பெண்களின் உழைப்பில் ஓடுகின்றன. அந்தத் தாய்மார் ஷிப்டுக்குப் போகும்போது விட்டுச்செல்லும் பிள்ளைகள்தான் இவர்கள். மகளிர் பல்கலைக்கழகம் ஓராண்டுப் படிப்பை நேரடி வகுப்பாக, தமிழிலும் தெலுங்கிலும் நடத்தட்டும். படிக்கும் காலத்துக்கான ஊதியத்தை ஸ்ரீ சிட்டி நிறுவனங்கள் ஏற்கட்டும். மாநில அரசு ஒவ்வொரு மையத்துக்கும் முன்பருவ ஆசிரியர் என்ற தனிப் பணியிடத்தை உருவாக்கி ஆணையிடட்டும். அதுவரை மூன்று நாள் வகுப்புக்குப் பயிற்சி என்று பெயர் சூட்டுவதை அரசு நிறுத்த வேண்டும்.