விமானியின் ஓய்வும் பிரயாணியின் மரியாதையும்

பஞ்சாலையில் நூல் ஓட்டுகிறவருக்கும் வயலில் நாற்று நடுகிறவருக்கும் ஆகாய விமானத்தோடு என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு காலத்தில் சம்பந்தம் இல்லைதான். இன்று இருக்கிறது. வளைகுடா நாடுகளுக்குக் கட்டிட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற நம் பிள்ளைகள் திருச்சியிலும் சென்னையிலும் விமானம் ஏறித்தான் போகிறார்கள். கடன் வாங்கி டிக்கெட் எடுக்கிறார்கள். அந்த டிக்கெட்டுக்கு என்ன மரியாதை என்பது நம் வீட்டு விஷயம்.

பழைய நாளைப் பொற்காலம் என்று புகழ நாம் தயாராக இல்லை. 1953 ஆகஸ்டு 1ஆம் தேதி விமானக் கம்பெனிகள் நாட்டுடைமையாயின. அதன் பிறகும் விமானத்தில் போனவர்கள் பெரிய உத்தியோகஸ்தர்களும் ஆலை முதலாளிகளும்தான். தட்டில் சாப்பாடு வந்தது, பணிவான வார்த்தை வந்தது. உழைப்பாளி வேலிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்தார்.

ஆனாலும் அது பொதுச் சொத்தாக இருந்ததன் பலனை 1990இல் உழைப்பாளி கண்டார். குவைத்தில் யுத்தம் மூண்டு, லட்சக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் கையில் காசில்லாமல் தவித்தார்கள். ஏர் இந்தியா ஊழியர்கள் அம்மானுக்கும் பம்பாய்க்கும் இடையே ஓய்வின்றி விமானம் ஓட்டினார்கள். சுமார் 1,70,000 பேர் ஊர் திரும்பினார்கள். லாபம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்து அந்த வேலை நடக்கவில்லை.

1994இல் பழைய சட்டம் ரத்தாயிற்று. போட்டி வந்தால் கட்டணம் இறங்கும், மரியாதை ஏறும் என்றார்கள். 2003க்குப் பிறகு மலிவுக் கட்டண விமானங்கள் வந்தன. கட்டணம் இறங்கியது உண்மை. 2024இல் உள்நாட்டில் மட்டும் 16 கோடிக்கு மேற்பட்ட பிரயாணங்கள் நடந்தன. அதை நாம் வரவேற்கிறோம். விமானம் பணக்காரர் வீட்டுச் சொத்தல்ல.

ஆனால் போட்டி எங்கே போய் முடிந்தது? 2012இல் கிங்பிஷர் படுத்தது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மே மாதம் கோ பர்ஸ்ட் நின்றது. கிங்பிஷர், ஜெட் தொழிலாளர்கள் சம்பளப் பாக்கிக்காகத் தெருவில் நின்றார்கள். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாட்டாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 2025இல் உள்நாட்டுப் பிரயாணிகளில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் இண்டிகோ என்ற ஒரே கம்பெனியின் விமானத்தில் போனார்கள். டாட்டாவையும் சேர்த்தால் நூற்றுக்குச் சுமார் 90. இதற்குப் பெயர் போட்டியா, ஏகபோகமா?

ஏகபோகத்தின் மரியாதை எப்படி இருக்கும்? 2022 மே மாதம் ராஞ்சியில் மாற்றுத்திறனாளிக் குழந்தை ஒன்றை இண்டிகோ விமானத்தில் ஏற்ற மறுத்தார்கள். அபராதம் 5 லட்சம் ரூபாய். 2024 ஜனவரியில் பம்பாயில் பிரயாணிகள் விமானத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதே கம்பெனிக்கு 1.20 கோடி ரூபாய் அபராதம். கட்டினால் தீர்ந்தது. கோடிகளில் புரளும் கம்பெனிக்கு அபராதம் இன்னொரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான்.

2025 டிசம்பரில் நடந்ததைத் தொழிலாளிகள் கவனித்துப் படிக்க வேண்டும். களைத்துப்போன விமானி ஓட்டினால் எல்லோர் உயிருக்கும் ஆபத்து. அதனால் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தினார்கள். இரவில் விமானம் இறக்கும் எண்ணிக்கையை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். விமானிகள் டெல்லி ஹைகோர்ட் வரை போய் இந்த விதிகளை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். 2024 ஜனவரியிலேயே வெளியான விதி. கடைசிக் கட்டம் 2025 நவம்பர் 1இல் அமலாயிற்று. ஆள் சேர்க்கக் கம்பெனிக்கு அவகாசம் இல்லாமலா போயிற்று?

போதிய விமானிகள் இல்லாமல் இண்டிகோ விமானங்கள் நின்றன. டிசம்பர் 5ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் ரத்து. நோயாளிகளும் கல்யாண வீட்டாரும் பரீட்சைக்குப் போகிறவர்களும் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். மற்றக் கம்பெனிகள் கட்டணத்தைப் பல மடங்கு ஏற்றின. அதன் பிறகுதான் சர்க்கார் விழித்துக் கட்டணத்துக்கு உச்சவரம்பு போட்டது. கம்பெனிக்கு என்ன செய்தது? இரவு வேலை விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்குக் கொடுத்தது!

இரவு ஷிப்டு முடித்தவரை, ஆள் வரவில்லை, அடுத்த ஷிப்டும் நில் என்று சொல்லும் மேஸ்திரியை ஆலைத் தொழிலாளிக்குத் தெரியும். ஆள் குறைவாக வைப்பது முதலாளி. தூக்கம் கெடுவது தொழிலாளிக்கு. ஆகாயத்திலும் அதே கணக்கு நடக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: இங்கே தூக்கம் கெட்டவரின் கையில் 180 உயிர்கள்.

கோபம் கொண்ட பிரயாணிகள் அன்று யார்மேல் பாய்ந்தார்கள்? கவுண்டரில் நின்ற ஊழியர்கள்மேல். விமானத்தை ரத்து செய்தது அவர்களா? அவர்களும் கூலிக்கு நிற்கிறவர்கள்தான். பிரயாணியையும் ஊழியரையும் மோதவிட்டு முதலாளி குளிர்ந்த அறையில் இருக்கிறார்.

உரிமையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முன்னறிவிப்பில்லாமல் கம்பெனியின் காரணத்தால் விமானம் ரத்தானால், டிக்கெட் பணத்தைத் திருப்புவது அல்லது மாற்று விமானம் தருவதோடு, பிரயாண நேரத்துக்கேற்ப 5,000 முதல் 10,000 ரூபாய் வரை நஷ்டஈட்டுக்கும் விதி இருக்கிறது. டிக்கெட் இருந்தும் ஏற்ற மறுத்தால் 20,000 ரூபாய் வரை. கேட்காதவருக்கு யாரும் எடுத்துக் கொடுக்கப் போவதில்லை. ஊர் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

நம் கோரிக்கை எளிமையானது. ஓய்வு விதியில் எந்தக் கம்பெனிக்கும் விலக்குக் கூடாது. நெருக்கடி வந்த பிறகு அல்ல, எப்போதும் கட்டணத்துக்கு வரம்பு வேண்டும். நஷ்டஈடு கேட்காமலே கைக்கு வர வேண்டும். விமானியின் தூக்கத்தைத் திருடுகிறவர்தான் பிரயாணியின் மரியாதையையும் திருடுகிறார். இரண்டையும் சேர்த்தே மீட்க வேண்டும்!