லட்டாஷாவை மறக்கவிடாத பாடல்

போன மாதம் ஒரு கூட்டம் முடிந்து திரும்பும்போது வண்டியில் டூபாக் ஷகூரின் பாட்டைப் போட்டேன். பக்கத்தில் இருந்த தோழர் இரண்டு பாட்டு வரை பொறுத்துப் பார்த்தார். பிறகு, "கெட்ட வார்த்தை, துப்பாக்கி, தங்கச் சங்கிலி. வேற என்ன இருக்கு இதுல? கறுப்பின மக்கள் போராட்டத்தைத் தெரிஞ்சுக்கணும்னா மால்கம் எக்ஸ் படிங்க தோழர்" என்றார். ஊர் வந்து சேரும்வரை வாதாடினேன். நான் சொன்னது எனக்கே போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் இந்த இசைக்கு வந்ததே சிறுத்தை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான். எங்கள் தெருச் சுவர்களில் அந்தச் சொல்லைப் பார்த்து வளர்ந்தவன் நான். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கத்தைத் தொடங்கிய இளைஞர்கள், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள் என்பதைக் கல்லூரி விடுதியில் படித்தேன். அந்தக் கருஞ்சிறுத்தைகள் யார் என்று தேடியபோது அஃபெனி ஷகூர் என்ற பெண்ணைப் பற்றித் தெரியவந்தது. 1969இல் நியூயார்க்கில் 21 சிறுத்தைகள் மீது வெடிகுண்டுச் சதி வழக்குப் போட்டார்கள். அஃபெனி வழக்கறிஞர் வைத்துக்கொள்ளவில்லை. வயிற்றில் பிள்ளையோடு நீதிமன்றத்தில் தனக்காகத் தானே வாதாடினார். 1971 மே மாதம் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலையானார். அடுத்த மாதம் மகன் பிறந்தான். பெருவில் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த பூர்வகுடித் தலைவர் டூபாக் அமாருவின் பெயரைத்தான் மகனுக்கு வைத்தார்.

அந்த மகன் என்ன பாடியிருக்கிறான் என்று பார்க்கத்தான் முதலில் கேட்டேன். பாதி புரியவில்லை. விடுதியில் ஒரு அண்ணன் வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கும் பாதிதான் புரிந்திருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது!

ஹிப் ஹாப் பிறந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறை. இசைத்தட்டுச் சுழற்றியவர் கூல் ஹெர்க். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. அந்த விருந்தை ஏற்பாடு செய்தது அவருடைய தங்கை சிண்டி. பள்ளி திறக்கப்போகிறது, புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும் என்பதற்காகத்தான் நுழைவுக் கட்டணம் வைத்து அதை நடத்தினார்.

தோழர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். லட்டாஷா ஹார்லின்ஸ் என்ற பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

1991 மார்ச் 16, லாஸ் ஏஞ்சல்ஸ். 15 வயதுக் கறுப்பினச் சிறுமி லட்டாஷா ஒரு கடையில் ஆரஞ்சுச் சாறு பாட்டிலை எடுத்து முதுகுப் பையில் வைத்துக்கொண்டு பணம் கொடுக்க வருகிறாள். விலை 1.79 டாலர். திருடுகிறாள் என்று கடைக்காரப் பெண் அவளைப் பிடித்து இழுக்கிறார். கைகலப்பாகிறது. லட்டாஷா அவரை அடித்துவிட்டு, பாட்டிலையும் மேசைமேல் போட்டுவிட்டு, திரும்பி நடக்கிறாள். பின்மண்டையில் குண்டு பாய்கிறது. விழுந்து கிடந்தவள் கையில் இரண்டு டாலர் இருந்தது. அத்தனையும் கடையின் கேமராவில் பதிவாகியிருந்தது.

ஜூரி குற்றவாளி என்றது. 16 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கொடுத்திருக்கலாம். நீதிபதி ஒரு நாள்கூடச் சிறைக்கு அனுப்பவில்லை. ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 500 டாலர் அபராதம். அதோடு முடிந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1992 ஏப்ரலில் அதையே உறுதிசெய்தது. அடுத்த வாரம், ராட்னி கிங்கை அடித்துத் துவைத்த போலீஸ்காரர்கள் விடுவிக்கப்பட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் தீப்பிடித்தது, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலகம் நினைவில் வைத்துக்கொண்டது ராட்னி கிங்கை.

டூபாக் லட்டாஷாவை விடவில்லை. 1993இல் வந்த 'கீப் யா ஹெட் அப்' பாடலை அவளுக்குக் காணிக்கையாக்கினார். வேறு பாடல்களிலும் அவள் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. நீதிமன்றம் மூடிவிட்ட கோப்பை ஒரு பாடகன் மூடவிடாமல் கையில் வைத்துக்கொண்டிருக்கிறான். வழக்குக் கட்டுகளுக்குள் புதைந்துபோகிற பெயர்கள் எத்தனையோ உண்டு என்பதை இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோபம் வந்தால் அது சரியான இடத்துக்குத்தான் போகும் என்றும் நான் சொல்லவில்லை. அந்தக் கடைக்காரர் கொரியாவிலிருந்து குடியேறியவர். 1991இல் ஐஸ் கியூப் 'பிளாக் கொரியா' என்று ஒரு பாட்டுப் போட்டார். கொரியர்களின் கடைகளைக் கொளுத்துவோம் என்ற மிரட்டல் அதில் இருக்கிறது. அவர் ரசிகனாக இருந்தும் அந்தப் பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. தண்டனையை இரக்கமாக மாற்றி எழுதியது நீதிமன்றம். பக்கத்துத் தெருக் கடைக்காரர்கள் அத்தனை பேரும் அதற்கு எப்படிப் பொறுப்பாவார்கள்?

டூபாக் விஷயத்தில் இதைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது. ரசிகர்கள் அதை மெதுவாகத் தாண்டிப் போய்விடுகிறோம், நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். பெண்களை மதிக்கச் சொல்லிப் பாடிய அதே 1993ஆம் ஆண்டு நவம்பரில், ஒரு விடுதி அறையில் 19 வயதுப் பெண்ணுக்கு நடந்த பாலியல் கொடுமைக்காக அவர் மீது வழக்கு வந்தது. அவர் மறுத்தார். நீதிமன்றம் பாலியல் அத்துமீறல் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது, சிறைக்குப் போனார். நிறவெறி நீதிமன்றம் கறுப்பனைத் தண்டித்தது என்று ஒரே வரியில் நாம் கடந்துவிடலாம். ஆனால் வழக்குத் தொடுத்தவளும் கறுப்பினப் பெண்தான். லட்டாஷாவை நம்பாத நீதிமன்றத்தின் மீது எனக்குக் கோபம் வருகிறது என்றால், இந்தப் பெண் சொன்னதைக் காதில் வாங்காமல் போக எனக்கு என்ன உரிமை இருக்கிறது? நம் மேடைகளிலும் நன்றாகப் பாடுகிறார், நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக நாம் கேட்காமல் விட்ட கேள்விகள் இருக்கின்றன.

அதே நவம்பரில்தான் குயின் லத்தீஃபாவின் 'யூனிட்டி' பாடலும் வெளிவந்தது. தெருவில் சீண்டுகிறவனையும், வீட்டில் கைநீட்டுகிறவனையும், பாட்டில் பெண்ணை வசைச்சொல்லால் அழைக்கிறவனையும் நேருக்கு நேர் கேட்கிற பாட்டு. வெளியிலிருந்து வந்த அறிவுரை அல்ல அது, ஹிப் ஹாப்புக்கு உள்ளேயிருந்தே வந்த குரல். கிராமி விருதும் பெற்றது. தோழருக்கு முதலில் இதைத்தான் போட்டிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை.

கெட்ட வார்த்தை பற்றியும் ஒரு விஷயம். 1992இல் அமெரிக்கத் துணை அதிபர் டான் குவைல், டூபாக்கின் முதல் ஆல்பத்துக்குச் சமூகத்தில் இடமே இல்லை என்றார். குழந்தை பெற்று, அதைக் குப்பையில் போட்ட 12 வயதுச் சிறுமியைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு டூபாக் எழுதிய 'பிரெண்டா'ஸ் காட் எ பேபி' அந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது. அந்தச் சிறுமிக்குச் சமூகத்தில் எங்கே இடம் என்று துணை அதிபர் கேட்டதாகத் தெரியவில்லை.

டூபாக் 1996இல் லாஸ் வேகாஸில் சுடப்பட்டு இறந்தபோது வயது 25. லட்டாஷா இருந்திருந்தால் இப்போது ஐம்பதை ஒட்டியிருப்பாள். 2019இல் சோஃபியா நாலி அலிசன் அவளைப் பற்றி 'எ லவ் சாங் ஃபார் லட்டாஷா' என்று ஒரு குறும்படம் எடுத்தார். அவளுடைய உறவுப் பெண்ணும் சிநேகிதியும் அதில் பேசுகிறார்கள். அந்தக் கேமராப் பதிவைப் படத்தில் காட்டவில்லை. லட்டாஷாவுக்கு வழக்கறிஞராக வேண்டும் என்று ஆசை இருந்தது என்பது அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும். தோழருக்கு அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.