வேலியோரத்து நஞ்சும் வெளிநாட்டுச் சந்தையும்

மாரி தொடங்கியதும் வடக்கு, கிழக்கின் பற்றைகளிலும் வேலிகளிலும் செம்மஞ்சளாய்ப் பூக்கும் கார்த்திகைப்பூவை அறியாதார் நம்மிடையே இல்லை. அம்மலருக்கு இங்கு ஏற்பட்டுவிட்ட அரசியல் அர்த்தம் ஒருபுறம் இருக்கட்டும். அதன் கிழங்கிலும் விதையிலும் உள்ள கொல்சிசின் என்னும் அல்கலொயிட்டே இங்கு நமது கவனத்திற்குரியது.

நமது வைத்தியசாலைகள் இதனைப் பெரும்பாலும் நஞ்சாகவே அறியும். உணவுக் கிழங்கெனத் தவறாகக் கருதி அவித்து உண்டோரும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்துடன் உண்டோரும் அங்கு கொண்டுவரப்பட்டுள்ளனர். வாந்தியும் வயிற்றோட்டமும் சில மணித்தியாலங்கள் கடந்தே தொடங்குவதால் சிகிச்சை தாமதமாகின்றது. பொதுப் பாவனையில் இதற்கு முறிவு மருந்தும் இல்லை.

எனினும், இதே கொல்சிசின் சிறு அளவில் கௌட் எனப்படும் மூட்டு நோய்க்கு நீண்டகால மருந்தாகும். 2023 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம், மாரடைப்பு அபாயத்தைக் குறைக்க நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் கொடுக்க அனுமதித்தது. 2019, 2020ஆம் ஆண்டுகளில் வெளியான இரு பெரும் ஆய்வுகள் இதற்கு ஆதாரமாயின. 2024இல் வெளியான மற்றொரு பெரும் ஆய்வு, மாரடைப்புக்குப் பின் இதனைக் கொடுத்ததில் பயன் காணவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

இம்மருந்துக்கான விதையை விளைவிப்போரில் தமிழ்நாட்டு விவசாயிகள் முக்கியமானவர்கள். ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரணியம் பகுதிகளில் இது கண்வலிக்கிழங்கு எனப் பயிரிடப்படுகின்றது. கொடிக்குப் பந்தலிட்டு, பூப்பூவாகக் கையால் மகரந்தம் சேர்க்கும் கடினமான தொழில் அது. ஆயினும் விலையைத் தீர்மானிப்போர் வியாபாரிகளே. குறைந்தபட்ச விலை கோரி விவசாயிகள் குரலெழுப்பி வந்துள்ளனர்.

மறுமுனையில் நடந்தது என்ன? 2009இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்திற்குத் தனியுரிமை வழங்கப்பட்டதும், சுமார் 9 சதத்திற்கு விற்ற வில்லை ஏறத்தாழ 5 டொலராயிற்று. மூலப்பொருளும் மூலக்கூறும் பழையவை. புதியது அனுமதிப் பத்திரம் மட்டுமே. இலாபம் அதனை வைத்திருந்தவரிடமே சென்றது.

நமது மண்ணில் தானாகவே முளைக்கும் இதனை ஏற்றுமதிப் பயிராக்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் விதையிலுள்ள கொல்சிசினின் அளவைச் சோதித்துக் கூற ஆய்வுகூடமும், விதைப்பதற்கு முன்னரே எழுத்தில் விலையும் இல்லாவிடின், விவசாயிக்கு எஞ்சுவது வீட்டு மூலையில் ஒரு மூடை நஞ்சு. அதனைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கும் பொறுப்பும் அவருடையதே.